ஆர்கிட் இணைப்புக்கு ஸாப்பியரா, என்8என்னா?

ஆய்வாளர்களின் பட்டியல் பல்கலைக்கழகத்தின் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இருக்கிறது. அவர்கள் வெளியிட்ட கட்டுரைகளின் விவரமோ ஆர்கிட் (ORCID) என்ற ஆய்வாளர் அடையாளச் சேவையில் இருக்கிறது. 2012-இல் செயல்படத் தொடங்கிய இந்தச் சேவை, பதிவுசெய்யும் ஒவ்வோர் ஆய்வாளருக்கும் 16 இலக்க அடையாள எண் தருகிறது. தலைப்பெழுத்தை ஓர் ஆய்விதழ் முன்னாலும் இன்னொன்று பின்னாலும் போட்டு, ஒரே ஆளை இரண்டு பேராக்கிவிடுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு அந்த எண்ணின் அருமை சொல்லாமலே தெரியும். இந்த இரண்டையும் இணைக்க ஸாப்பியர் (Zapier), என்8என் (n8n) ஆகிய தானியங்கிக் கருவிகளில் எதை வைப்பது?

ஸாப்பியர் சுலபம். நிரல் எழுதத் தெரியாதவரும் ஒரு மாலைக்குள் ஏதாவது ஓட வைத்துவிடலாம். ஆனால் அது வெளியிலிருந்து வரும் சேவை. அதற்காகத் தரவுத்தளத்தின் கதவை இணையத்தின் பக்கம் திறந்துவைக்க வேண்டும். செய்து முடிக்கும் பணிகளின் எண்ணிக்கைக்கேற்பக் கட்டணமும் ஏறும். 800 பேரின் பதிவை இரவுதோறும் ஒவ்வொன்றாகப் பார்த்தால் மாதத்துக்கு 24,000 பணிகள். எந்த நிதி அலுவலரும் இதற்குக் கையெழுத்திட மாட்டார்.

என்8என்னை நம் சர்வரிலேயே நிறுவலாம். உள் பயன்பாட்டுக்குக் கட்டணமில்லை, தரவுத்தளமும் வெளியே தலைகாட்ட வேண்டியதில்லை. அதைப் பராமரிக்க ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

ஆர்கிட்டிலிருந்து படிப்பது மட்டும்தான் வேலை என்றால் என்8என் போதும். நிரல்கள் தரவைக் கேட்டுப் பெறும் வழியான பொது ஏபிஐக்கு (API) ஒரே ஒரு டோக்கன், அதாவது அனுமதிச் சாவி, பெற்றால் எல்லோருடைய பொதுப் பதிவுகளையும் படிக்கலாம். கடைசியாக மாற்றப்பட்ட நேரத்தை ஒப்பிட்டு, மாறியவற்றை மட்டும் தரவுத்தளத்தில் எழுதினால் போதும்.

ஆர்கிட்டில் எழுதுவதில்தான் சிக்கல். அதற்கு நிறுவனம் ஆர்கிட்டின் உறுப்பினராக இருக்க வேண்டும். ஒவ்வோர் ஆய்வாளரும் தாமே உள்நுழைந்து அனுமதி தர வேண்டும். 800 பேர் என்றால் 800 டோக்கன்கள். இந்தக் கருவிகளோ ஓர் இணைப்புக்கு ஒரு கணக்கு என்ற கணக்கில் கட்டப்பட்டவை. என்8என்னில் சுற்றுவழி உண்டு: டோக்கன்களை நம் அட்டவணையில் வைத்து, வரிசைக்கு வரிசை எடுத்து அனுப்பலாம். ஆனால் ஒவ்வோர் ஓட்டத்தின் விவரத்தையும் அது சேமித்துவைக்கும். அந்தப் பக்கத்தைத் திறந்தால் பேராசிரியர்களின் டோக்கன்கள் பளிச்சென்று தெரியும். அந்தச் சேமிப்பை மறக்காமல் நிறுத்திவைக்க வேண்டும்.

இன்னொன்று, ஒரு கட்டுரையைச் சேர்த்ததும் ஆர்கிட் அதற்கொரு பதிவு எண் தரும். அதைக் குறித்துவைக்காமல் மறுநாள் அதே கட்டுரையை மீண்டும் அனுப்பினால் 409 என்ற மறுப்புதான் வரும். இத்தனை நுணுக்கங்களையும் என்8என்னின் திரையில் கட்டங்களும் கோடுகளுமாக வரைவதைவிட 200 வரியில் ஒரு பைத்தான் நிரல் எழுதி, இரவில் தானாக ஓடவிடுவது மேல். எழுதுவதற்கு என் தேர்வு அதுதான்.

எதைத் தேர்ந்தாலும், அடையாள எண்ணுக்கான நெடுவரிசையை எழுத்து வகையாக வையுங்கள். 0000-0002-1825-0097 என்பது பிரௌன் பல்கலைக்கழகத்தார் வேடிக்கைக்காகக் கற்பித்த ஜோசையா கார்பெரி என்ற பேராசிரியரின் எண். எண் வகையில் போட்டால் அது 218250097 என்று சுருங்கிவிடும். ஒருமுறை ஒரு கல்லூரியிலிருந்து எனக்கு வந்த பட்டியலில் யாரோ இடைக்கோடுகளை நீக்கியிருந்தார்கள். மிச்சத்தை எக்செல் பார்த்துக்கொண்டது. கடைசி இடத்தில் எக்ஸ் என்ற எழுத்து இருந்தவர்களின் எண்கள் மட்டும் முழுசாகத் தப்பித்திருந்தன.