காருகுறிச்சியார் நாகஸ்வரமும் ஒரு புது டிஏசியும்

பாளையங்கோட்டை வீட்டு ஹாலில் இருக்கிற ஸ்டீரியோவுக்கு டாப்பிங் இ30 டூ என்கிற டிஏசி பெட்டியை வாங்கி மாட்டியிருக்கிறேன். கம்ப்யூட்டரில் எண்களாகக் கிடக்கும் பாட்டை ஆம்ப்ளிஃபயர் ஏற்கும் மின் அலையாக மாற்றித் தருவதுதான் டிஏசியின் வேலை. சிடி தரம் என்றால் ஒலியை விநாடிக்கு 44,100 முறை அளந்தெடுத்த மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட் எண். இந்தப் பெட்டிக்குள் அந்த வேலையைச் செய்கிற ஏகே4493எஸ் சிப் இரண்டு. யுஎஸ்பி, ஆப்டிகல், கோஆக்சியல் மூன்றிலும் உள்ளே கொடுக்கலாம். வெளியே ஆம்ப்ளிஃபயருக்குப் போக ஆர்சிஏ இணைப்பு மட்டும்.

முதலில் போட்டது நாகஸ்வர வித்வான் காருகுறிச்சி அருணாசலம். சேரன்மகாதேவிக்குப் பக்கத்து ஊர்க்காரர், 1964-ல் மறைந்தவர். அவர் வாசிப்பு சரியாகக் கேட்காத சிஸ்டம் எனக்கு வேண்டவே வேண்டாம். கம்ப்யூட்டரின் ஹெட்போன் துளையிலிருந்து கேட்டால் நாகஸ்வரமும் தவிலும் ஒன்றோடொன்று அப்பிக்கொண்டு வரும். இப்போது தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் விரல்கூடு படுகிற ‘டக்’ தனியாக விழுகிறது. ஒரே சுரத்தை நீட்டிப் பிடிக்கிற கார்வையில் மூச்சு மெல்ல அடங்குவதும், சுரம் இழைந்து ஓய்வதும் அப்படியே காதுக்கு வருகிறது. கேட்டுக்கொண்டே இருக்கலாம் போலிருக்கிறது! பழைய ஒலிப்பதிவின் இரைச்சல் போகவில்லை. அதை எந்த டிஏசியும் போக்காது.

யுஎஸ்பியில் மாட்டியபோது என் பழைய கம்ப்யூட்டரிலிருந்து ‘ம்ம்ம்’ என்று ஹம் வந்தது. ஆப்டிகல் கேபிளுக்கு மாற்றியதும் நின்றுவிட்டது. அதில் ஒளிதான் போகும், மின்தொடர்பு கிடையாது.

ஸ்பீக்கர் சுமாராக இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள், வித்தியாசம் அதில்தான் அதிகம். நல்ல ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் துளையிலேயே கேட்கிறவர்கள் தயங்காமல் இதை வாங்கலாம்.