ஆவணக் கோவை கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை: தகவல் அறியும் உரிமை விண்ணப்பம், ஒரு பாவனையாளர் மதிப்பீடு

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன். விண்ணப்பிக்கக் காசு இல்லை. பதிவுத் தபாலில் அனுப்பினால் அதற்கான செலவு, பதிலோடு வரும் பிரதிகள் கூடினால் பக்கத்துக்கு ஒருசில ரூபாய். யாழ்ப்பாணத்தில் அந்தக் காசுக்கு ஒரு பிளேன்ரீயும் வடையும்தான் கிடைக்கும். அந்த வகையில் இது நாட்டிலேயே மலிவான சேவை. பாவித்துப் பார்த்ததில் பொருளும் பரவாயில்லை. குறை வேறோர் இடத்தில் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் வலிகாமத்தில் ஒரு சனசமூக நிலையத்தின் செயலாளர். செயலாளர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, காலையில் பத்திரிகை வாங்கிப் போடுவது, வாசித்த தாளை மடித்து வைக்காமல் போகிறவர்களோடு சண்டை பிடிப்பது, ஊர்ப் பிரச்சினைக்குக் கடிதம் எழுதுவது. எங்கள் ஊரில் மாகாணத்தின் கீழ் வரும் ஒரு திணைக்களம் ஒரு கட்டடம் கட்டத் தொடங்கியது. எந்தத் திணைக்களம் என்று சொல்லப் போவதில்லை. அங்கே வேலை செய்கிறவர்கள் நல்ல பிள்ளைகள், அவர்களைச் சிக்கலில் மாட்டுவது என் நோக்கம் இல்லை. தூண் எழும்பியது, ஜன்னல் மட்டம் வரை சுவர் வந்தது, பிறகு வேலை நின்றது. தூண் உச்சியில் நீட்டிக்கொண்டிருந்த கம்பி துருப்பிடித்து, மாரி மழையில் அந்தத் துரு தூண் வழியே வழிந்து வெள்ளைச் சீமெந்தில் செம்மண் கோடாக இறங்கியிருக்கிறது. உள்ளே ஆடு கட்டுகிறார்கள்.

ஏன் நின்றது என்று கேட்டால் கந்தோரில் எல்லோரும் மரியாதையாகச் சிரிப்பார்கள், பதில் சொல்ல மாட்டார்கள். அதனால்தான் விண்ணப்பம் போட்டேன்.

இலங்கையின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம், 2017 பெப்ரவரி 3இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. நாட்டின் பிரஜை எவரும் கேட்கலாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, இது பலருக்குத் தெரியாது. ஆர்.ரி.ஐ. 1 என்று ஒரு படிவம் இருக்கிறது, ஆனால் அது கட்டாயமில்லை, வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தாலும் சரி. ஒவ்வொரு பொது நிறுவனத்திலும் ஒரு தகவல் அலுவலர் இருக்க வேண்டும், மாகாணத் திணைக்களங்களும் இதில் அடங்கும். விண்ணப்பம் கிடைத்ததற்கு அவர் எழுத்தில் ஒப்புகை தர வேண்டும். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தில் மேன்முறையீட்டுக்கென்று குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பில் இருக்கும் ஆணைக்குழு.

என் விண்ணப்பத்தைத் தமிழில் எழுதினேன். கையில் கொடுத்தபோது வாங்கிய பிள்ளை திகதி முத்திரை குத்தி, ஒரு பிரதியில் கையொப்பமும் போட்டுத் தந்தது. அந்த முத்திரையை நன்றாகப் பாருங்கள், திகதி தெளிவாக விழுந்திருக்கிறதா என்று. கெடு அதிலிருந்துதான் ஓடுகிறது. பதில் கெடுவுக்குள் வந்தது. ஒரு தடித்த காக்கி உறை, உள்ளே ஒப்பந்தப் பிரதி, கொடுப்பனவு விவரம், கால நீடிப்புக் கடிதங்கள், ஒரு கூட்ட அறிக்கை. இணைத்திருந்த சுற்றறிக்கைகளில் சில சிங்களத்தில் மட்டும். மொழிபெயர்ப்புக்கு மானிப்பாய்ப் பக்கம் ஒரு ஆசிரியரைப் பிடிக்க வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் பாவனையாளர்களுக்கு ஒரு யோசனை. "ஏன்" என்று கேட்டு எழுதாதீர்கள். எங்கள் ஆட்கள் பலர் விண்ணப்பத்தை மனுவாக எழுதிவிடுகிறார்கள்: ஏன் வேலை நிறுத்தப்பட்டது, எப்போது முடிப்பீர்கள், இது நியாயமா. சட்டத்தின்படி தகவல் என்பது கையில் இருக்கும் பதிவு. காரணம் யாருடைய மனத்திலாவது இருந்தால் அதைப் பிரதி எடுத்துத் தர முடியாது. ஆகவே எந்தக் கூட்டத்தில் முடிவெடுத்தார்கள், அதன் அறிக்கையைத் தா, எந்தக் கடிதத்தின்படி நிதி மாற்றினீர்கள், அதைத் தா என்று கேட்க வேண்டும். வேலி பாய்வது போல, எந்த இடத்தில் கதியால் தளர்ந்திருக்கிறது என்று பார்த்துக் காலை வைக்க வேண்டும்.

அப்படிக் கேட்டதில் எனக்குக் கிடைத்த நல்ல பக்கம் ஒன்று உண்டு. எங்கள் கட்டடத்துக்கு ஒதுக்கிய மிச்சப் பணம் வேறொரு வேலைக்கு மாற்றப்பட்டிருக்கிறது. கோவையின் ஓரத்தில் பேனையால் ஒரு குறிப்பு: "பேசப்பட்டது. ஆவன செய்க." கீழே ஒரு சுருக்கொப்பம். யார் யாரோடு பேசினார்கள்? எழுதியிருக்கவில்லை. அந்தப் பேச்சு எந்தப் பதிவிலும் இல்லை, ஆகவே கேட்கவும் முடியாது. சேவையின் எல்லை அந்த மூன்று சொல்லோடு முடிகிறது.

இதற்கு மேல் யாரிடம் கேட்பது? இங்கேதான் நான் முதலில் சொன்ன குறை வருகிறது, அது விண்ணப்பத்தின் குறை அல்ல.

வடக்கு மாகாண சபைக்கு 2013 செப்டெம்பர் 21இல் தேர்தல் நடந்தது. 38 ஆசனத்தில் 30 தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு. விக்னேஸ்வரன் முதலமைச்சர், அவரோடு நான்கு அமைச்சர்கள். கைதடியில் சபை கூடும். அந்தச் சபையைப் பற்றி எனக்குப் பெரிய மயக்கம் எதுவும் இல்லை. தீர்மானம் நிறைவேற்றிய அளவுக்கு நியதிச் சட்டம், அதாவது மாகாண சபை போடும் சட்டம், நிறைவேற்றவில்லை, அவர்களுக்குள் அடிபட்ட நேரம் அதிகம். ஆனால் ஒன்றைப் பாருங்கள். 2017இல் அமைச்சர்கள் மீது குற்றச்சாட்டு வந்தபோது முதலமைச்சர் விசாரணைக் குழு அமைத்தார், அறிக்கை வந்தது, இரண்டு அமைச்சர்களைப் பதவி விலகச் சொன்னார், பிறகு முதலமைச்சர் மீதே நம்பிக்கையில்லாப் பிரேரணை ஆளுநரின் கைக்குப் போனது. அன்றைக்கு எங்கள் வாசிகசாலையில் எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டார்கள், என்ன கூத்து இது என்று. இப்போது யோசித்தால் அந்தக் கூத்துக்கு ஒரு மேடையாவது இருந்தது. "பேசப்பட்டது" என்ற குறிப்புக்கு யார் பொறுப்பு என்று ஒரு உறுப்பினர் எழும்பிக் கேட்டிருக்கலாம், ஒரு அமைச்சர் நின்று ஏதாவது சொல்லியிருக்க வேண்டும்.

2018 ஒக்டோபரில் ஐந்து வருடம் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் இல்லை. வடக்குக்கு மட்டும் இல்லை, ஒன்பது மாகாண சபைகளும் ஒவ்வொன்றாகக் காலம் முடிந்து கிடக்கின்றன. 2017இல் தேர்தல் முறையைக் கலப்பு முறையாக மாற்றிச் சட்டம் திருத்தினார்கள். அதற்கு எல்லை நிர்ணயம், அதாவது தொகுதிகளைப் புதிதாகப் பிரிப்பது, வேண்டும். எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்ட் 24இல் பாராளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவாக ஒரு வாக்கும் விழவில்லை. அறிக்கையைச் சமர்ப்பித்த அமைச்சர் பைசர் முஸ்தபாவும் எதிர்த்தே வாக்களித்தார்! சட்டப்படி அது பிரதமர் தலைமையிலான மீளாய்வுக் குழுவுக்குப் போனது, இரண்டு மாதத்தில் அறிக்கை தர வேண்டும். தரவில்லை. பழைய முறையில் நடத்தலாமா என்று கேட்டபோது, பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தாமல் முடியாது என்று 2019இல் உயர் நீதிமன்றம் கருத்துச் சொன்னது. மைத்திரிபால, கோட்டாபய, ரணில், அநுர என்று நான்கு ஜனாதிபதிகள் வந்தாகிவிட்டது.

சபை இல்லாதபோது மாகாணத்தை நடத்தும் ஆளுநரும் இங்கே அப்படித்தான், மாறிக்கொண்டே இருக்கிறார். றெஜினோல்ட் குரே, சுரேன் ராகவன், சார்ள்ஸ் அம்மா, ஜீவன் தியாகராஜா, மறுபடி சார்ள்ஸ் அம்மா, 2024 செப்டெம்பரிலிருந்து வேதநாயகன். சிலர் கடிதத்துக்குப் பதில் போடுவார்கள், சிலர் நேரில் வந்து பார்ப்பார்கள். ஆளைப் பொறுத்தது. ஆளுநரை நியமிப்பது ஜனாதிபதி, எடுப்பதும் ஜனாதிபதி. எனக்கு அவரிடம் கேட்க வழி உண்டு, ஆனால் அவர் எனக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்பதற்கு என் கையில் எதுவும் இல்லை.

சரி, பாராளுமன்றத்தில் கேட்கலாமே என்பீர்கள். அதையும் முயன்றேன். ஒரு உறுப்பினரின் அலுவலகத்தில் தம்பி ஒருவர் உறையை முழுதும் வாசித்தார், மெச்ச வேண்டும். "ஐயா, இது மாகாண விடயம்," என்றார். "மாகாணத்தில் ஆர் இருக்கினம் தம்பி?" என்றேன். அவரும் சிரித்தார். பாராளுமன்றப் பேச்சுப் பதிவான ஹன்சாட்டை எடுத்துப் பார்த்தால் கேள்வி தமிழில் இருந்தாலும் அமைச்சரின் பதில் சிங்களத்தில் இருக்கும், பேசிய மொழியிலேயே அச்சடிப்பது அங்கே வழக்கம். பாதிக் கேள்விகளுக்கு அமைச்சர் இரண்டு வார அவகாசம் கேட்பார், மற்றப் பாதியில் பதிலைச் சபாபீடத்தில் வைத்துவிட்டு உட்காருவார். மிகைப்படுத்துகிறேன், ஆனால் நிறைய இல்லை.

வட அயர்லாந்தில் என் மருமகன் ஒருவர் இருக்கிறார். பெல்ஃபாஸ்ட் சபையும் அடிக்கடி படுத்துவிடும், 2017 தொடக்கத்திலிருந்து மூன்று வருடம், பிறகு 2022இலிருந்து 2024 பெப்ரவரி வரை. அவர் சொன்னதைக் கேட்டுப் பொறாமைப்பட்டேன். அமைச்சர் இல்லாத காலத்தில் ஒரு திணைக்களச் செயலாளர் குப்பை எரிக்கும் ஆலை ஒன்றுக்கு அனுமதி கொடுத்தார். ஊர்க்காரர்கள் வழக்குப் போட்டார்கள். இவ்வளவு பெரிய முடிவை அமைச்சர் இல்லாமல் அதிகாரி எடுக்க முடியாது என்று 2018இல் நீதிமன்றம் தள்ளியது, மேன்முறையீட்டிலும் அதே தீர்ப்பு. பிறகு லண்டனில் இருக்கும் வட அயர்லாந்து அமைச்சர், சபையை மீட்க என்ன செய்தார் என்று பாராளுமன்றத்துக்குக் குறித்த காலத்தில் அறிக்கை தர வேண்டும் என்று 2019இல் சட்டமே போட்டார்கள். வேலை செய்யாத சபை உறுப்பினர்களின் சம்பளத்தில் 27.5 வீதம் வெட்டினார்கள். எங்களுக்கு வெட்டுவதற்கும் உறுப்பினர் இல்லை. அங்கே கட்சிகள் மறுத்ததால் சபை நின்றது, இங்கே கொழும்பு தேர்தல் வைக்காததால் நின்றது. இரண்டும் ஒன்றல்ல என்று மருமகனுக்குச் சொன்னேன். ஆனால் அந்தக் கெடு வைக்கும் பழக்கத்தை இறக்குமதி செய்யலாம், வரியும் இல்லை.

மதிப்பெண்ணுக்கு வருகிறேன். தகவல் விண்ணப்பத்துக்கு ஐந்துக்கு நான்கு. சிங்களச் சுற்றறிக்கைக்காக அரை குறைக்கிறேன், மூன்றரை. காணிப் பிரச்சினை, குத்தகை, கொடுப்பனவு, பாடசாலை அனுமதி என்று கையில் ஆவணம் வேண்டுமென்றால் யோசிக்காமல் போடுங்கள். திகதி முத்திரை வாங்குங்கள், ஒரு கடிதத்தில் ஒரு விடயம் மட்டும் கேளுங்கள், மறுப்பு வந்தால் கோபப்பட்டுத் தொலைபேசி எடுக்காமல் மேன்முறையீட்டைத் தட்டிவிடுங்கள். ஆணைக்குழு வரை போகும் என்று தெரிந்தாலே சில கந்தோர்களில் கோவை கிடைத்துவிடுகிறது.

பொறுப்புச் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்று போகிறவர்களுக்கு இது சரிவராது. மாகாண சபை என்ற சேவைக்கு மதிப்பெண் போட வழியில்லை, கடை திறந்தால்தானே.

இதற்கிடையில் இரண்டாவது விண்ணப்பம் ஒன்றைக் கொழும்புக்கு, மத்திய அமைச்சு ஒன்றுக்குப் போட்டிருக்கிறேன். 2018 மீளாய்வுக் குழு எத்தனை முறை கூடியது, கூட்ட அறிக்கைகள் எங்கே, அறிக்கை கேட்டு யாராவது கடிதம் எழுதினார்களா, எழுதினால் அதன் பிரதி. "ஏன்" என்ற சொல்லை எங்கும் போடவில்லை. ஒப்புகை வந்துவிட்டது, திகதியும் தெளிவாக விழுந்திருக்கிறது. வருகிற பதிலைப் பார்த்து மதிப்பெண்ணைத் திருத்துகிறேன்.