எங்கள் ஊர்க் குடிநீர் நிலையம்: நான்கு ஆண்டுப் பாவனைக்குப் பின்

வவுனியா செட்டிகுளம் பக்கத்தில் உள்ள எங்கள் கிராமத்தின் குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில், லீற்றருக்கு 3 ரூபா கொடுத்து, நான்கு ஆண்டுகளாகக் குடிப்பதற்கும் சமையலுக்கும் தண்ணீர் எடுத்து வருகிறோம். வீட்டில் கிணறு இருக்கும்போது காசு கொடுத்துத் தண்ணீர் வாங்க வேண்டுமா என்று புதிதாகக் குடிவந்தவர்கள் கேட்கிறார்கள். வாங்க வேண்டும் என்பதே என் பதில்; காரணம், இந்தப் பக்கங்களில் காணப்படும் சிறுநீரக நோய்.

ஏ-9 வீதியில் தெற்கே போனால் வரும் மதவாச்சியும் அதைச் சூழ்ந்த வட மத்திய மாகாணமும், நீரிழிவோ உயர் குருதி அமுக்கமோ இல்லாத கமக்காரரின் சிறுநீரகங்கள் பழுதாவதை 1990களிலிருந்து கண்டு வருகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் துணையுடன் நடத்தப்பட்டு 2013 இல் வெளிவந்த ஆய்வு, பாதிக்கப்பட்ட பகுதிகளில் 15 முதல் 70 வயது வரையானோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேருக்கு இந்நோய் இருப்பதாகக் கூறியது. வவுனியாவும் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒன்று. நிலத்தடி நீரின் கடினத்தன்மை, புளோரைட், விவசாய இரசாயனங்கள், வெயிலில் நீரின்றி உழைப்பது எனப் பல காரணங்கள் ஆராயப்பட்டும், இதுதான் என்று இன்னும் உறுதியாகவில்லை.

தண்ணீரின் தரத்தில் எனக்குக் குறையில்லை. கிணற்று நீரைக் கொதிக்க வைத்த காலத்தில் கேத்திலின் அடியில் வெள்ளைப் படிவு தடித்துவிடும். கரண்டிக் காம்பால் தட்டினால் முட்டை ஓடுபோலக் கழன்று வரும். நிலையத்து நீருக்கு மாறிய பின் அந்தக் கேத்திலைச் சுரண்ட வேண்டி வரவில்லை. கொதிக்க வைப்பதால் கிருமி சாகுமே தவிர புளோரைட் போகாது. மென்சவ்வின் வழியே நீரை உயர் அழுத்தத்தில் செலுத்தும் இந்த ஆர்.ஓ. (எதிர்ச் சவ்வூடுபரவல்) இயந்திரம் அதையும் பெருமளவு அகற்றுகிறது.

குறைகள் பராமரிப்பில்தான். சென்ற கோடையில் மென்சவ்வு மாற்றப்படாமல் நிலையம் பதினொரு நாட்கள் மூடிக்கிடந்தது. அந்த நாட்களில் பலர் கிணற்றுக்கே திரும்பினோம். நீர்ப் பரிசோதனை முடிவை ஒட்டுவதற்கென வைத்த பலகையில் மாதக்கணக்காகப் பழைய தாள்தான் தொங்குகிறது. காசு வாங்கும் சங்கம் இதையாவது ஒழுங்காகச் செய்ய வேண்டும். தனியே வாழும் முதியவர்கள் 20 லீற்றர் கானைத் தூக்கிச் செல்ல முடியாமல் கிணற்று நீரையே குடிக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய மனவருத்தம். வாரம் இருமுறை ஓர் ஓட்டோவில் கொண்டுபோய்க் கொடுத்தாலே போதும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "நான் ஆர்.ஓ. தண்ணீர்தானே குடிக்கிறேன்" என்று சொல்லி நடமாடும் சிறுநீரகப் பரிசோதனைக்கு வராமல் இருப்பவர்களை எங்கள் ஒழுங்கையிலேயே எனக்குத் தெரியும். இந்நோய் தொடக்கத்தில் வலியோ வீக்கமோ காட்டாது; குருதியில் கிரியேட்டினின் என்ற கழிவையும் சிறுநீரில் அல்புமின் என்ற புரதத்தையும் அளந்து பார்த்தால்தான் தெரியும். முப்பது ஆண்டு கிணற்று நீர் குடித்து, வெயிலில் வயல் செய்த உடம்பு நலமாக இருக்கிறதா என்பதை நான்கு ஆண்டு நல்ல நீர் சொல்லிவிடாது. வயலுக்குப் போகும்போதும் அதே நீரை ஒரு போத்தலில் நிரப்பிக்கொண்டு போங்கள். வீட்டில் நல்ல நீரும் வரப்பில் வாய்க்கால் நீருமாகக் குடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

நிலையம் காலை 6 மணி முதல் 9 மணி வரை திறந்திருக்கும். கானை மூடியுடன் கொண்டுவாருங்கள். பரிசோதனைத் தாளின் திகதியைக் கேட்டுப் பாருங்கள்.