பாலே விடுதிக்குப் போகும் பிள்ளைக்கு எந்தக் காலணி?

எங்கள் வீட்டில் நடனம் என்றால் வெறுங்கால்தான். நானும் அக்காவும் சலங்கை கட்டி ஆடி வளர்ந்தவர்கள். இங்கிலாந்தில் மகளுக்கு பாலே என்னும் மேற்கத்திய நடனத்துக்கான விடுதிப் பள்ளியில் இடம் கிடைத்தபோது, காலணி என்ற ஒன்றைப் பற்றி இவ்வளவு கற்க வேண்டியிருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. லண்டனில் ரிச்மண்ட் பூங்காவுக்குள் இருக்கும் ராயல் பாலே பள்ளியின் ஒயிட் லாட்ஜ், பர்மிங்காமில் இருக்கும் எல்ம்ஹர்ஸ்ட் போன்ற பள்ளிகளில் 11 வயதிலேயே சேர்க்கிறார்கள். கால் வளர்கிற வயது. அம்மாவும் பக்கத்தில் இல்லை. ஆகவே ஒவ்வொரு பொருளையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன்: நாள் முழுக்க ஆடிக் களைத்த பிள்ளை, இரவு ஒன்பது மணிக்கு விடுதி அறையில் இதைத் தன் கையால் பார்த்துக்கொள்ளுமா?

முதலில் ஒன்று. பள்ளியின் பட்டியல் கைக்கு வரும்வரை எதையும் வாங்காதீர்கள். நிறம், நிறுவனம், அடிப்பகுதி எப்படி இருக்க வேண்டும் என்பதுவரை அதில் எழுதியிருப்பார்கள். அதில் அவர்கள் நம் விருப்பத்துக்கு விட்டிருக்கும் இடங்களில்தான் கீழே சொல்வது உதவும்.

தோலா, கேன்வாஸா?

மெல்லிய பாலே ஷூவில் முதல் தேர்வு இது. தோல் அதிக நாள் உழைக்கும். தரையில் பிடிப்பும் கொஞ்சம் கூடுதல். பாதம் அந்தத் தோலை எதிர்த்து வேலை செய்ய வேண்டியிருப்பதால் சின்னப் பிள்ளைகளுக்குத் தோல்தான் நல்லது என்று சொல்லும் ஆசிரியர்கள் பலர். ஆனால் துவைக்க முடியாது. வியர்வையோடு பைக்குள் சுருட்டி வைத்தால் நாற்றம் வந்துவிடும். கேன்வாஸ் சீக்கிரம் தேயும், அழுக்கும் உடனே தெரியும். ஆனால் வலைப்பையில் போட்டுக் குளிர்ந்த தண்ணீரில் மெஷினில் துவைத்து, காற்றில் உலர்த்திவிடலாம். வாரத்தில் ஆறு நாள் வகுப்பு இருக்கிற விடுதியில் என் ஓட்டு கேன்வாஸுக்கு. ஒரு ஜோடி காயும்போது இன்னொரு ஜோடி காலில் இருக்க வேண்டும், அதனால் இரண்டு ஜோடி.

முழு அடிப்பகுதியா, நடுவில் பிரிந்ததா என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. பிரிந்தது பாத வளைவை அழகாகக் காட்டும். முழுசாக இருப்பது பாதத்தை உழைக்க வைக்கும். இந்த வயதுக்கு உழைப்புதான் தேவை. பள்ளிகளும் சின்ன வகுப்புகளுக்குப் பெரும்பாலும் அதையே கேட்கின்றன.

எலாஸ்டிக் தைத்தே வரும் ஷூவும் உண்டு, நாமே தைக்க வேண்டியதும் உண்டு. தைத்து வருவது வசதிதான், ஆனால் எல்லாக் கணுக்காலுக்கும் ஒரே இடம் பொருந்தாது. நானே தைத்த முதல் ஜோடியில் ஒரு தவறு செய்தேன். ஷூவின் விளிம்புக்குள் ஒரு மெல்லிய கயிறு ஓடும், இழுத்துச் சுருக்குவதற்கு. அதையும் சேர்த்து ஊசியால் குத்திவிட்டேன். அப்புறம் கயிறு அசையவே இல்லை. தையல் அந்தக் கயிறு ஓடும் மடிப்புக்குக் கீழே, துணியில் மட்டும் விழ வேண்டும்.

வளரும் என்று பெரிதாக வாங்கலாமா?

பள்ளிச் சீருடை வாங்கும்போது ஒரு விரல் கூட்டி வாங்குவது நமக்குப் பழக்கம். பாலேவில் அது ஆபத்து. ஷூவுக்குள் பாதம் நழுவினால் கணுக்கால் பிசகும். இன்றைய காலுக்கு இன்றைய அளவு, அவ்வளவுதான். அதே காரணத்தால் தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று நான்கு ஜோடி மொத்தமாக வாங்கி அடுக்குவதும் வீண்.

சின்னதாகிப்போன ஷூ இதைவிட மோசம். முதல் பருவத்தின் நடுவில் விடுமுறைக்கு வந்த மகளின் டைட்ஸை, அதாவது இடுப்பிலிருந்து பாதம்வரை காலை ஒட்டிப் போடும் உறையை, துவைக்க எடுத்தேன். இரண்டாவது விரல் படும் இடத்தில், காசளவுக்குப் பழுப்பாக உலர்ந்த ரத்தக்கறை. போனில் கேட்டபோதெல்லாம் "சரியாத்தான் இருக்கும்மா" என்றுதான் சொல்லியிருந்தாள். இன்னொரு ஜோடிக்குச் செலவாகுமே என்று பிள்ளை வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து நான் "ஷூ சரியா இருக்கா?" என்று கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் இரண்டு கேள்விதான். நேராக நிற்கும்போது விரல் மடங்குதா? விரல் நுனியில் ஏறும்போது குதிகாலில் கொஞ்சம் துணி கிள்ள வருதா? முதல் கேள்விக்கு "இல்லை", இரண்டாவதற்கு "ஆமாம்" என்று வந்தால் அளவு சரி.

பாயிண்ட் ஷூ: பசையா, பிளாஸ்டிக்கா?

உண்மையான விவாதம் இங்கேதான். பாயிண்ட் என்றால் விரல் நுனியில் முழு எடையையும் தாங்கி நின்று ஆடுவது; அதற்கான கெட்டி முனை வைத்த ஷூதான் பாயிண்ட் ஷூ. பாயிண்ட் எப்போது தொடங்கலாம் என்பதை ஆசிரியர்தான் முடிவு செய்வார். வயது மட்டும் போதாது, கணுக்காலும் முதுகும் தாங்க வேண்டும். ஆசைப்பட்டு முன்கூட்டி வாங்கித் தராதீர்கள்.

பழைய முறைக்கு நல்ல எடுத்துக்காட்டு லண்டனில் 1929இல் தொடங்கிய ஃப்ரீட் நிறுவனம். துணி, காகிதம், சணல், பசை எல்லாவற்றையும் அடுக்கி, உள்பக்கம் வெளியே இருக்கும்படி கையால் செய்து, பிறகு திருப்புகிறார்கள். செய்தவர் அடிப்பகுதியில் தன் முத்திரையைக் குத்துவார்: ஒருவருக்கு நங்கூரம், ஒருவருக்கு மணி, ஒருவருக்குக் கிரீடம். தன் காலுக்கு ஒத்துவந்த கைகாரரையே ஆண்டுக்கணக்கில் தேடிப்போகும் நடனக்காரர்கள் உண்டு. இந்த ஷூ காலின் சூட்டிலும் வியர்வையிலும் இளகி, அந்தக் காலின் வடிவத்துக்கு வரும். தரை எப்படி இருக்கிறது என்று பாதத்துக்குத் தெரியும். ஆனால் எந்தப் பசை இளகிப் பொருந்துகிறதோ, அதே பசை இளகியே செத்தும் போகும். மேடைக் கலைஞர்கள் ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு ஜோடி தீர்ப்பதும் உண்டு. மாணவிக்கு அவ்வளவு வேகத்தில் தீராது, ஆனாலும் செலவு தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும்.

எதிர்ப்பக்கம் கெய்னர் மிண்டன் நிறுவனம். 1993இல் நியூயார்க்கில் தொடங்கியது. விரல்களைச் சுற்றியிருக்கும் பாக்ஸும் பாதத்தின் அடியில் ஓடும் ஷாங்கும் பசை அடுக்கு இல்லை, நெகிழும் பிளாஸ்டிக். வியர்வைக்கு இளகாது, மிதித்துப் பழக்க வேண்டாம், சத்தம் குறைவு, உழைப்பு பல மடங்கு. விலை கூடுதல். கணக்குப் போட்டால் நீண்ட நாளில் இதுதான் மலிவாகக்கூட வரலாம்.

அப்படியென்றால் விடுதிப் பிள்ளைக்கு இதுதானே? நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டு காரணம் என்னை மாற்றியது. ஷாங்க் தானாகவே திரும்பி நிமிர்ந்து தள்ளுவதால், கற்கும் பாதம் தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும் என்று கவலைப்படும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். சில வகுப்புகளில் அனுமதியும் இல்லை. அடுத்தது, எனக்குப் பெரியதாகப் பட்டது: பல மாதம் உழைக்கும் ஷூ, சில மாதத்தில் அளவு மாறும் காலுக்கு எதற்கு? ஷூ சாகும் முன்பே கால் வளர்ந்துவிடும். காசு கொடுத்து வாங்கிவிட்டோமே என்று இறுக்கமான ஷூவையே இழுத்துக்கொண்டிருப்போம். கால் வளர்ச்சி நின்ற 16, 17 வயதுப் பெண் என்றால் என் தீர்ப்பே வேறு. 12 வயதுக்குப் பசை ஷூதான்.

அதற்குப் பிள்ளை ஒரு வேலையைப் பழகியாக வேண்டும்: உலர்த்துவது. வகுப்பு முடிந்ததும் விரல் உறையை வெளியே எடுத்து, ரிப்பனை அவிழ்த்து, ஷூவை வலைப்பையில் போட்டுக் கட்டில் கம்பியில் தொங்கவிட வேண்டும். பிளாஸ்டிக் பையே கூடாது. ஒரு நாளாவது காய வேண்டும் என்பதால் இங்கும் இரண்டு ஜோடி மாற்றி மாற்றி. பாயிண்ட் ஷூவில் இடது வலது கிடையாது. ஆகவே உள்ளே 1, 1, 2, 2 என்று எண் எழுதி, எந்தக் காலுக்கு எது என்றும் குறித்துவிடுங்கள்.

முதல் ஜோடியை ஆன்லைனில் வாங்கவே வேண்டாம். அளவு எடுக்கத் தெரிந்தவர் முன்னால் பிள்ளை ஏறி நின்று காட்ட வேண்டும். நீளம் மட்டுமல்ல, அகலமும் பல வகை.

ரிப்பன், பெயர், நிறம்

ரிப்பன் தைக்கக் கடை நூல் அறுந்துவிடும். பல் இடுக்கைச் சுத்தம் செய்கிற ஃப்ளாஸ் நன்றாகத் தாங்கும், என் மகள் அதைத்தான் வைத்திருக்கிறாள். குதிகால் பகுதியை உள்ளே மடித்தால் மடிப்பு எங்கே விழுகிறதோ அங்கே ரிப்பன். நுனி பிரியாமல் இருக்க வீட்டில் தீயில் காட்டுவோம். விடுதியில் தீ கூடாது, நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு பூச்சு போதும்.

பெயர்ப் பட்டை விஷயத்தில் இஸ்திரி போட்டு ஒட்டுவது ஒரே மாலையில் முடியும். ஆனால் டைட்ஸ், லியோடார்ட் (உடலை ஒட்டிய ஆட்டச் சட்டை) போல இழுபடும் துணியில் சில துவைப்பிலேயே உரிந்துவிடும். தைப்பது நேரம் பிடிக்கும், நிற்கும். நான் துண்டு, கம்பளிச் சட்டைக்கு ஒட்டினேன், லியோடார்டுக்குத் தைத்தேன், டைட்ஸின் இடுப்புப் பட்டையிலும் ஷூவுக்குள்ளும் அழியாத பேனாவால் எழுதினேன். ஒரே அறையில் பல பெண்கள், ஒரே நிறம், ஏறக்குறைய ஒரே அளவு.

டைட்ஸில் பாதத்தின் அடியில் துளை உள்ளதை வாங்குங்கள். கொப்புளம் வந்தால் மேலே சுருட்டி மருந்து போடலாம். மூடிய டைட்ஸில் முழுசாகக் கழற்ற வேண்டும்.

நிறம் பற்றிக் கேட்கத் தயங்காதீர்கள். இளஞ்சிவப்பு ஷூ வெள்ளையர்களின் தோல் நிறத்தோடு கலந்து, காலின் கோடு நீளமாகத் தெரிவதற்காக வந்தது. நம் பிள்ளைகளின் காலில் அந்தக் கோடு கணுக்காலில் வெட்டுப்படும். கறுப்பு நடனக்காரர்கள் பல காலம் முகப்பூச்சை ஷூவில் தடவித் தங்கள் நிறத்துக்குக் கொண்டுவந்தார்கள். 2018இல் ஃப்ரீட், கறுப்பு, ஆசிய நடனக்காரர்களின் லண்டன் குழுவான பாலே பிளாக்கோடு சேர்ந்து பழுப்பிலும் வெண்கல நிறத்திலும் பாயிண்ட் ஷூ கொண்டுவந்தது. பூசுவதற்கு நேரமும் காசும் போகும், ஈரமும் ஏறும். ஆயத்தமாகக் கிடைப்பதே மேல். பட்டியலில் இளஞ்சிவப்பு என்று இருந்தாலும் பள்ளிக்கு எழுதிக் கேளுங்கள். நான் கேட்டேன், டைட்ஸும் ஷூவும் ஒரே நிறமாக இருந்தால் போதும் என்றார்கள். கொண்டை வலையும் அப்படித்தான், கறுப்பு என்று கேட்டு வாங்குங்கள். நம் கூந்தலின் கனத்துக்கு ஊக்கு இரண்டு மடங்கு வேண்டும்.

போன ஞாயிறு போனில் மகள், குதிகாலில் துணி கிள்ள வரவில்லை என்றாள். அரை அளவு கூட்டி வாங்க சனிக்கிழமை கடையில் நேரம் கேட்டிருக்கிறேன், அவளும் கூட வருகிறாள்.