பெங்களூரு ஸ்ரீராமபுரம் மாடி சைபர் கடை: ஸ்காலர்ஷிப் போட நம்பிப் போகலாம்

பொண்ணு அரசு காலேஜ்ல பி.காம். முதல் வருஷம். நான் தையல்காரி, கன்னடம் பேசுவேன், படிக்க வராது. அதனால எஸ்எஸ்பி போர்ட்டல்ல (கர்நாடக அரசோட ஸ்காலர்ஷிப் இணையதளம்) விண்ணப்பம் போட, மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்துல மாடியில இருக்கிற கடைக்குப் போனோம்.

வருமானச் சான்றிதழ் நாடகச்சேரியில வாங்கணும். (நாடகமும் இல்ல, கச்சேரியும் இல்ல, வருவாய்த்துறை ஆபீஸ்.) அதுல இருக்கிற ஆர்.டி. நம்பரை, அதான் சான்றிதழ் நம்பரை, கடைத் தம்பி தட்டினதும் விவரம் வந்துடுச்சு. சிக்கல் பேர்லதான். மார்க் கார்டுல வெறும் இனிஷியல், ஆதார்ல அப்பா பேர் முழுசா. நம்ம தமிழ் ஆளுங்களுக்கே உள்ள தலைவலி. சமர்ப்பிக்கிறதுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சு நிறுத்தினார். பேங்க்ல ஆதார் நகல் கொடுத்தா போதும்னு இருந்தேன். என்பிசிஐ மேப்பிங், அதாவது பணம் வர்ற பேங்க் கணக்கை ஆதாரோட இணைக்கிறது, ஆகலைன்னா பணம் ஏறாதாம். பார்த்தா, ஆகவே இல்ல!

"2025 மார்ச் 7ஆம் தேதியே முதல்வர் சித்தராமையா 4.09 லட்சம் கோடிக்கு கர்நாடக பட்ஜெட் வாசிச்சாரே, பணம் எப்ப வரும்?"னு கேட்டேன். "வாசிச்சா ஆச்சா அக்கா? சட்டசபையில நிதி ஒதுக்க மசோதா நிறைவேறணும், அப்புறம் துறை விடுவிக்கணும்"னார்.

கட்டணம் 100 ரூபாய், பிரிண்ட் தனி. உட்கார ஒரே ஸ்டூல், மின்விசிறி பேருக்குத்தான். சாயங்காலம் போகாதீங்க, பசங்க கூட்டம் படிக்கட்டு வரைக்கும் நிக்கும். 5க்கு 4 கொடுப்பேன்.