ஆடியில் விழுந்த ஆவணிக் கல்யாணம்: கம்ப்யூட்டர் தேதியோடு சில வருட அனுபவம்

பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் புக்கிங்கும் கணக்கும் பார்க்கிறேன். 2022 தொடக்கத்தில் பேரேட்டை விட்டு எக்ஸெலுக்கும் கூகுள் காலண்டருக்கும் மாறினோம். தேதி அமைப்பில் நான் பட்டதையும் இப்போது வைத்திருக்கும் ஏற்பாட்டையும் இங்கே எழுதுகிறேன். நாளை வைத்தே பிழைப்பு நடத்துகிற எவருக்கும் இது உதவும் என்று நம்புகிறேன்.

முதல் அடி அந்த வருடமே விழுந்தது. ஆவணியில் ஒரு கல்யாணம், செப்டம்பர் 8. நாம் எழுதுகிற வழக்கப்படி 8/9/22 என்று தட்டினேன். திரையிலும் 8/9/2022 என்றே நின்றது. சந்தேகப்பட ஒன்றும் இல்லை. ஆனால் கம்ப்யூட்டரைப் பொருத்திக் கொடுத்தவர் அதில் அமெரிக்க அமைப்பை அப்படியே விட்டிருந்தார். அங்கே மாதம்தான் முதலில் வரும். எக்ஸெல் அதை ஆகஸ்ட் 9 என்று எடுத்துக்கொண்டது. அந்தப் பட்டியலைக் காலண்டரில் ஏற்றியதும், மண்டபத்து அண்ணாச்சி செல்போனைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏடே, ஆடியில எவன் கல்யாணம் வைப்பான்?”

அதற்குள் செப்டம்பர் 8 காலியாக இருக்கிறது என்று இன்னொரு வீட்டுக்காரர்களுக்கு வாய்ச்சொல் கொடுத்திருந்தேன். அவர்கள் பத்திரிகை அடிக்கக் கொடுக்கும் முன் அண்ணாச்சியே நேரில் போய்ப் பேசி, வேறு மண்டபம் பிடித்துக் கொடுத்தார். அந்தப் பெண்ணின் அப்பா என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

இந்தத் தவறு சத்தமில்லாமல் நடப்பதுதான் ஆபத்து. 14/9/22 என்று தட்டினால் பதினான்காவது மாதம் கிடையாது என்பதால் எக்ஸெல் அதைத் தேதியாகவே ஏற்காது. வெறும் எழுத்தாகக் கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நிற்கும். உண்மையான தேதி வலப்பக்கம் நிற்கும். அதைப் பார்த்தாவது பிடித்துவிடலாம். மாதத்தின் முதல் 12 நாட்களில் அந்த அடையாளமும் கிடையாது. 9/9 மாதிரி நாளும் மாதமும் ஒன்றாக இருப்பது மட்டும் தப்பும். மற்ற 11 நாட்களும் வேறு மாதத்தில் போய் உட்கார்ந்துவிடும்.

சரிசெய்வது எளிது. விண்டோஸ் செட்டிங்ஸில் ‘டைம் அண்ட் லாங்குவேஜ்’, அதற்குள் ‘ரீஜன்’ (விண்டோஸ் 11இல் ‘லாங்குவேஜ் அண்ட் ரீஜன்’). அங்கே ரீஜனல் ஃபார்மட்டை ‘இங்கிலீஷ் (இந்தியா)’ ஆக்கினால் நாள் முதலில் வந்துவிடும். நான் அதோடு நிற்காமல் கன்ட்ரோல் பேனலில் உள்ள ரீஜன் பகுதிக்குப் போய், சுருக்கத் தேதியை dd-MMM-yyyy என்று மாற்றினேன். M மூன்றும் பெரிய எழுத்தாக இருக்க வேண்டும், சின்ன எழுத்து m நிமிடத்துக்கு உரியது. இப்போது மாதம் எண்ணாக இல்லாமல் ‘செப்’, ‘ஆக்’ என்று ஆங்கில எழுத்தில் தெரிகிறது. இத்தனை வருடத்தில் எனக்கு அதிகம் கைகொடுத்த மாற்றம் இதுதான்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். அமைப்பை மாற்றினால் இனிமேல் தட்டுவதுதான் சரியாகும். முன்பே ஆகஸ்ட் 9 என்று பதிந்தது ஆகஸ்ட் 9 ஆகவே இருக்கும், தோற்றம் மட்டும் மாறும். நான் பழைய பேரேட்டை மடியில் வைத்துக்கொண்டு வரி வரியாக ஒத்துப் பார்த்தேன். எழுத்தாக நின்றவற்றுக்கு மட்டும் எக்ஸெலின் ‘டெக்ஸ்ட் டு காலம்ஸ்’ வசதி வழியாக நாள்-மாதம்-ஆண்டு வரிசையைச் சொல்லித் தேதியாக்க முடிந்தது. கூகுள் ஷீட்ஸ் வைத்திருப்பவர்கள் ஃபைல் மெனுவின் செட்டிங்ஸில் ‘லொக்கேல்’ இந்தியா என்று இருக்கிறதா பாருங்கள். அது ஒவ்வொரு ஃபைலுக்கும் தனி.

‘தமிழ் (இந்தியா)’ அமைப்பையும் சில நாள் வைத்துப் பார்த்தேன். சித்திரை, வைகாசி வரும் என்று ஆசைப்பட்டேன். வந்தது ஜனவரி, பிப்ரவரிதான், தமிழ் எழுத்தில். படிக்க நன்றாக இருந்தது, ஆனால் எங்கள் தேவை தமிழ் மாதம். அதனால் எக்ஸெலில் தமிழ்த் தேதிக்கு என்று ஒரு பத்தியைச் சேர்த்து, தினசரி காலண்டரைப் பார்த்துக் கையாலேயே நிரப்புகிறேன். இது தேவையற்ற வேலை இல்லை. புக்கிங்குக்கு வருகிற பெரியவர்கள் ‘ஆவணி இருபத்து மூணு’ என்றுதான் சொல்வார்கள். இரண்டு தேதியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒன்றின் தவறை இன்னொன்று காட்டிக் கொடுத்துவிடும்.

அப்புறம் ரிமைண்டர். பிறந்த நாள், இன்சூரன்ஸ், வரி கட்டும் தேதி இவற்றுக்கு ‘வருடா வருடம்’ என்று போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். நட்சத்திரத்தையும் திதியையும் ஒட்டி வருவதற்கு அது ஒத்துவராது. பங்குனி உத்திரத்தன்று எங்கள் ஆக்குப்புரை (சமையல்கூடம்) ஆட்கள் ஒருவர்கூட இருக்க மாட்டார்கள், அவரவர் சாஸ்தா கோவிலுக்குப் போய்விடுவார்கள். அந்த உத்திரம் 2024இல் மார்ச் 25, 2025இல் ஏப்ரல் 11. நெல்லையப்பர் கோவில் ஆனித் தேர் 2024இல் ஜூன் 21, அடுத்த ஆண்டு ஜூலை 8. அந்த நாளில் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுவார்கள். ரத வீதிப் பக்கம் வண்டி போகாது, சாமான் வந்து சேராது. கூகுளின் இந்திய விடுமுறைப் பட்டியலில் அந்தத் தேர் எனக்கு வந்ததில்லை.

2023இல் இன்னும் சிக்கல். ஆடி முதல் தேதியும் அமாவாசை, 31ஆம் தேதியும் அமாவாசை. பாபநாசத்துக்குத் தர்ப்பணத்துக்குப் போக வேண்டிய நான் ஜூலை 17 என்று போட்டு வைத்திருந்தேன். ஆகஸ்ட் 16தான் என்று அம்மாதான் திருத்தினார்கள். அன்றிலிருந்து திதி, நட்சத்திரம் எதற்கும் ‘ரிப்பீட்’ போடுவதில்லை. டிசம்பரில் தினசரி காலண்டர் கைக்கு வந்ததும் உட்கார்ந்து, வரும் வருடத்து நாட்களை ஒவ்வொன்றாக ஏற்றிவிடுகிறேன். ஒரு மாலைப் பொழுது வேலை.

கூகுள் காலண்டரில் அறிவிப்பை அதிகபட்சம் நான்கு வாரம் முன்னால்தான் வைக்க முடிகிறது. மண்டபத்து மீதிப் பணத்தை 45 நாள் முன்பே நினைவூட்ட வேண்டும், அதற்குத் தனி நிகழ்ச்சியாகப் போடுகிறேன்.

மாப்பிள்ளை வீட்டார் துபாயில் இருப்பது இங்கே சாதாரணம். நாம் காலை 10 மணி என்று போட்டுப் பகிர்ந்தால் அவர்களுக்கு 8.30 என்று காட்டும். அது சரியான நேரம்தான். பயப்பட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்யாண நாளை மட்டும் ‘முழு நாள்’ நிகழ்ச்சியாகப் போட்டால் எந்த ஊரில் பார்த்தாலும் தேதி நகராது.

கம்ப்யூட்டரைத் திறக்கும்போதெல்லாம் கடிகாரம் பழைய வருடத்துக்குப் போய் நின்றால் மதர்போர்டில் உள்ள வட்ட பேட்டரி தீர்ந்திருக்கும். பெரும்பாலும் சிஆர்2032. மாற்றிவிட்டு, நேர மண்டலம் இந்திய நேரமான யுடிசி+5:30இல் இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் கம்ப்யூட்டரில் அதுவும் அமெரிக்க நேரமாகத்தான் இருந்தது.