வாலை நம்பாதீர்கள், தோளைப் பாருங்கள்: சிங்கப்பூர் விலங்குத் தோட்டம்

மண்டாயில் 1973இல் திறக்கப்பட்ட சிங்கப்பூர் விலங்குத் தோட்டம், குரங்கினங்களை மட்டும் பார்க்கப் போனாலும் கொடுத்த காசுக்குத் தகும். நாம் எல்லாவற்றையும் ‘குரங்கு’ என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். அந்தச் சொல் எங்கே போதாமல் போகிறது என்பதை இங்கே நேரில் பார்க்கலாம்.

காலை 8.30க்குத் திறந்ததும் நேரே ஒராங்குட்டான்களிடம் போய்விடுங்கள். வெயில் ஏறினால் மர நிழலில் சுருண்டுவிடும். தலைக்கு மேலே கயிறுகளிலும் மரங்களிலும் அவை போகிற விதம்தான் பாடமே. தோள்பட்டை எலும்பு முதுகுப் பக்கம் தள்ளி அமைந்திருப்பதால் கை எந்தப் பக்கமும் சுழலும். மார்பு அகலம், கால்களைவிடக் கைகள் நீளம். கிளைக்குக் கீழே தொங்கிப் போவதற்கு வாகான உடம்பு. கிப்பன், சிம்பன்சி, கொரில்லா எல்லாம் இந்த வாலில்லாக் குரங்கு வகைதான்.

அங்கிருந்து வாலுள்ள குரங்குகளான ஹமாட்ரியாஸ் பபூன்களிடம் வந்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். மார்பு நாய்க்கு இருப்பதுபோல் பக்கவாட்டில் ஒடுங்கியிருக்கும். நாலு காலும் ஊன்றித்தான் நடை. உட்காரத் தோதாகப் புட்டத்தில் காய்த்த தோல். ஆனால் இதை மட்டும் வைத்து எது வாலுள்ள குரங்கு, எது வாலில்லாக் குரங்கு என்று முடிவு கட்டக்கூடாது, கிப்பன்களுக்கும் அது சிறிதாக உண்டு. வாலும் அப்படித்தான். ஜிப்ரால்டர் பாறையில் வாழும் பார்பரி மக்காக்குக்கு வால் இருப்பதே தெரியாது. ஆங்கிலேயர்கள் அதை ‘ஏப்’ (வாலில்லாக் குரங்கு) என்றே அழைத்துக் குழப்பிவிட்டார்கள். உண்மையில் அது நம்மூர் நாட்டுக் குரங்கின் பங்காளி.

தவறவிடக் கூடாதவை போர்னியோவின் நீள்மூக்குக் குரங்குகள். எல்லாரும் மூக்கைப் படம் எடுக்கிறார்கள். பார்க்க வேண்டியது தொந்தியை. பல அறைகள் கொண்ட இரைப்பையில் இலைகள் நொதித்துச் செரிக்கின்றன. நன்கு பழுத்த இனிப்பான பழம் உள்ளே போனால் நொதித்தல் எல்லை மீறி, வயிறு ஊதி உயிருக்கே ஆபத்தாகலாம். ‘ஒரு வாழைப்பழம்தானே’ என்று நீட்டுவது எவ்வளவு தப்பு என்று பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

தென் அமெரிக்காவின் டாமரின் என்ற சிறு குரங்குகளுக்கு மூக்குத்துளைகள் பக்கவாட்டில் திறந்திருக்கும். வளையவால் லெமூர் குரங்கே அல்ல: ஈர மூக்கு, பின்னங்காலின் இரண்டாம் விரலில் கூர்நகம், சீப்புபோல் முன்நீட்டிய கீழ்ப்பற்கள். அருகில் நின்றால் மூக்கின் ஈரம் வரை தெரியும்.

அணில் குரங்குகளைப் பார்க்கப் பக்கத்திலுள்ள ரிவர் வொண்டர்ஸ் என்ற இன்னொரு விலங்குப் பூங்காவுக்கும், நம் தேவாங்கின் உறவான ஸ்லோ லோரிஸைப் பார்க்க நைட் சஃபாரி என்ற இரவு விலங்குத் தோட்டத்துக்கும் தனிச்சீட்டு எடுக்க வேண்டும். எல்லாமும் வேண்டுமென்றால் சேர்த்து விற்கும் சீட்டே கட்டுப்படியாகும். அங் மோ கியோவிலிருந்து 138ஆம் எண் பேருந்து வருகிறது. பிற்பகல் மழைக்குக் குடை, தூரப் பார்வைக்கு ஒரு பைனாகுலர், இரண்டும் பையில் இருக்கட்டும்.